பல் என்ன செய்கிறது? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

"பல் வலிக்குது, டாக்டர் இருக்காரா?" என்று போன் வந்தால் உடனே நேரம் சொல்லிவிட மாட்டேன். மூன்று கேள்வி கேட்பேன். எது பட்டால் வலிக்கிறது? வந்த வலி எவ்வளவு நேரம் நிற்கிறது? எதுவும் படாமல் தானாகவும் வருகிறதா? சிறிய ஊர் ஒன்றின் பல் கிளினிக்கில் பதினோரு வருடமாக ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் யாரை இன்றைக்கே உள்ளே அனுப்புவது, யார் வியாழக்கிழமை வரை பொறுக்கலாம் என்று பிரிப்பது என் வேலை. அந்தப் பிரிக்கும் முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் தொந்தரவு எதுவோ நேராக அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம்.

படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டியவை

கன்னத்து வீக்கம் கண்ணுக்குக் கீழேயோ, தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கமோ பரவுகிறது, காய்ச்சல் அடிக்கிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, வாய் திறக்கவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். மூச்சு விடச் சிரமமாக இருந்தால் எங்களைப் போன்ற கிளினிக்குக்கு வர வேண்டாம், 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பல்லில் தொடங்கிய சீழ் கழுத்துக்குள் இறங்கினால் மூச்சுப் பாதையை நெருக்கிவிடும். அடிக்கடி நடப்பதில்லை, நடந்தால் உயிரை வாங்கும்.

இன்னொன்று. கீழ்த்தாடையில் வலி, ஆனால் எந்தப் பல் என்று விரலால் காட்டத் தெரியவில்லை. மாடி ஏறினால் கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது, நெஞ்சு அழுத்துகிறது, வியர்க்கிறது. இது பல்லாக இருக்க வாய்ப்பில்லை. இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், உடனே.

விளையாடும்போது அடிபட்டு நிலைப்பல் வேரோடு விழுந்துவிட்டால் நேரம்தான் முக்கியம். பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலில் ஒரு தரம் அலசுங்கள், தேய்க்கக் கூடாது. அந்தக் குழியிலேயே திரும்பச் செருகி, மடித்த துணியை மெல்லக் கடிக்க வைத்து அழைத்து வரலாம். பயமாக இருந்தால் ஒரு டம்ளர் பாலில் போட்டுக் கொண்டுவாருங்கள். தண்ணீரில் ஊறப் போட்டால் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் செத்துவிடும். அரை மணி நேரத்துக்குள் வந்தால் பல் ஒட்டிக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு பாட்டி பேரனின் பல்லைச் சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்து, துணியில் முடிந்து எடுத்து வந்தார். பாசத்தில் குறை சொல்ல முடியாது, பல்தான் ஒட்டவில்லை. விழுந்தது பால்பல் என்றால் செருகவே வேண்டாம், உள்ளே வளரும் நிலைப்பல் கெட்டுப்போகும்.

குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது

ஒரு பல்லா, பல பல்லா என்று முதலில் பாருங்கள்.

பல பற்கள் கூசினால், பல்லும் ஈறும் சேரும் இடத்தில் நகத்தால் தடவுங்கள். வெட்டுப் போல ஒரு பள்ளம் தட்டுப்படுகிறதா? அது பிரஷ் போட்ட பள்ளம். கடினமான பிரஷ்ஷை வைத்து இடமும் வலமுமாக அறுத்துத் தள்ளுகிறவர்களுக்கு வருவது. உப்பு, அடுப்புக்கரி, செங்கல் பொடி என்று தேய்ப்பவர்களுக்கும் இதே கதை. பல்லின் மேல் ஓடான எனாமல் உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள், ஆனால் போனால் திரும்ப முளைக்காது. அதற்குக் கீழுள்ள அடுக்கில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் இருக்கின்றன, அவற்றில் திரவம் இருக்கிறது. குளிர்ச்சி பட்டதும் அது நகர்கிறது, நரம்பு துள்ளுகிறது.

மென்மையான பிரஷ்ஷுக்கு மாறுங்கள். பொட்டாசியம் நைட்ரேட் சேர்த்த கூச்சப் பேஸ்ட்டைக் காலையும் இரவும் பயன்படுத்துங்கள். இது தலைவலி மாத்திரை போல அன்றைக்கே கேட்காது, இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலாவது நாள் "பிரயோஜனமில்லை" என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். எலுமிச்சை ஜூஸ், குளிர்பானம் குடித்ததும் பல் தேய்க்காதீர்கள். அமிலம் எனாமலை இளக்கியிருக்கும் நேரம் அது, அரை மணி நேரம் விடுங்கள்.

ஒரே பல் கூசினால் சொத்தை, விரிசல், பழைய அடைப்பு விட்டுப்போனது ஆகிய மூன்றில் ஒன்று. பேஸ்ட்டால் ஆகாது, காட்ட வேண்டும்.

வலி

இங்கேதான் என் மூன்று கேள்விகளும் வேலை செய்யும்.

இனிப்போ குளிர்ச்சியோ பட்டால் வலித்து, சில நொடியில் போய்விடுகிறது என்றால் சொத்தை இன்னும் நரம்பைத் தொடவில்லை. பெரும்பாலும் அடைத்தாலே போதும். செலவிலும் நேரத்திலும் இதுதான் மிகச் சின்ன வேலை. இந்தக் கட்டத்தில் வருகிறவர்கள் குறைவு, ஏனென்றால் வலி சில நொடிதானே.

வலி வந்தால் பல நிமிடம் நிற்கிறது, சூடான காபி பட்டால் கூடுகிறது, ராத்திரி படுத்ததும் விண்விண் என்று தெறிக்கிறது, காது வரை இழுக்கிறது. நரம்பு வீங்கிவிட்டது என்று அர்த்தம். கெட்டியான ஓட்டுக்குள் அது வீங்க இடமில்லை, அதனால்தான் இந்த உயிர் போகிற வலி. படுத்தால் தலைப் பக்கம் ரத்த அழுத்தம் ஏறுவதால் இன்னும் கூடும், தலையணையை உயர்த்தி வைத்தால் கொஞ்சம் தணியும். பெரும்பாலும் ரூட் கேனல், அதாவது கெட்ட நரம்பை எடுத்துவிட்டு உள்ளே அடைப்பது, செய்ய வேண்டிவரும், கடைவாய்ப்பல் என்றால் மேலே கேப்பும் போடச் சொல்வார்கள்.

அப்புறம் ஒரு போன் வரும். "போன வாரம் துடிச்சேன் மேடம், இப்ப சரியாயிடுச்சு, அப்பாயின்ட்மென்ட் வேண்டாம்." எனக்குப் பயமே இந்தப் போன்தான். மருந்து எதுவும் இல்லாமல் அப்படிப்பட்ட வலி நின்றால் நரம்பு செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கிருமி இப்போது வேர் நுனி வழியே எலும்புக்கு இறங்கிக்கொண்டிருக்கும். சில வாரமோ சில மாதமோ கழித்து, கடித்தால் வலிக்கும். அந்தப் பல் மட்டும் உயர்ந்து நிற்பது போலத் தோன்றும், ஈறில் ஒரு கொப்புளம் வந்து வந்து உடையும். அப்போது அவரே திரும்ப வருவார். சில சமயம் பல்லை எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

டாக்டரைப் பார்க்கும் வரை என்ன செய்யலாம்? வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால் பாராசிட்டமால், அட்டையில் சொன்ன அளவுக்கு மேல் போகாமல். கிராம்பு எண்ணெய் வீண் இல்லை. அதிலுள்ள யூஜினாலைப் பல் டாக்டர்களே தற்காலிக அடைப்பில் சேர்க்கிறார்கள். ஆனால் ஒரு சொட்டைப் பஞ்சில் தொட்டு ஓட்டைக்குள் வைக்க வேண்டும். ஈறில் பட்டால் வெந்துவிடும். ஆஸ்பிரினைப் பொடி செய்து ஈறில் வைத்து, வெள்ளையாகப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. மாத்திரை விழுங்குவதற்கு.

மெடிக்கலில் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கிப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். செத்த நரம்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, ரத்தத்தில் போகும் மருந்து அங்கே போய்ச் சேராது. வெளிவீக்கம் மட்டும் வடியும், கோளாறு உள்ளேயே இருக்கும். பூச்சிப்பல் என்று சொல்லி, கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்துப் புழு விழுந்ததாகக் காட்டுவதும் இன்னும் நடக்கிறது. பல்லில் புழு இருப்பதில்லை. சர்க்கரையைத் தின்று அமிலம் விடும் பாக்டீரியாதான் இருக்கிறது.

"மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகுமா?" வாரத்துக்கு ஒருவராவது கேட்பார். போகாது. பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு. பல்லின் சீழைக் கவனிக்காமல் விட்டால்தான் கண்ணைச் சுற்றி வீக்கம் வரும்.

சளி பிடித்திருக்கும்போது மேல் கடைவாய்ப்பற்கள் நாலைந்து ஒன்றாக வலித்து, குனிந்தால் கூடினால் சைனஸாக இருக்கலாம். பதினேழு வயதுக்கு மேல் கடைசியில் ஈறு மூடிக்கொண்டு வலித்தால் ஞானப்பல், எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.

அடைத்து முடிப்பதற்குள் அடுத்த பல் சொத்தை

நன்றாகத்தான் தேய்க்கிறேன், ஆனாலும் வருடத்துக்கு மூன்று சொத்தை என்கிறவர்களுக்கு டாக்டர் ஒரு வீட்டுப்பாடம் கொடுப்பார். ஒரு நாள் முழுக்க, தண்ணீரைத் தவிர வாய்க்குள் எது போனாலும் நேரத்தோடு எழுதி வர வேண்டும். ஒரு வேன் டிரைவர் எழுதி வந்தார். ஏழு டீ, எல்லாம் சர்க்கரையோடு. நடுவில் தூக்கம் வராமல் இருக்கக் கடலை மிட்டாய், புளிப்பு மிட்டாய். அவருக்கே ஆச்சரியம்.

எவ்வளவு சர்க்கரை என்பதை விட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. ஒவ்வொரு இனிப்புக்குப் பிறகும் பல்லின் மேல் அமிலம் ஏறும். அமிலம் கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சமன்படுத்தி, கரைந்த தாதுவைத் திரும்பச் சேர்க்க அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் அடுத்த டீ வந்துவிட்டால் பழுது பார்க்க நேரமே இல்லை. கல்யாண வீட்டில் ஒரே மூச்சில் இரண்டு ஜாங்கிரி சாப்பிடுகிறவரை விட, ஒரு மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் சப்புகிறவரின் பல்லுக்குத்தான் ஆபத்து.

டிரைவர் டீயை விடவில்லை. ஏழில் ஐந்தைச் சர்க்கரை இல்லாமல் ஆக்கினார். கூடவே இரவுத் தேய்ப்பு. தூங்கும்போது எச்சில் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும், அதனால் இரவு பல்லில் எதை விட்டுவிட்டுப் படுக்கிறோமோ அது விடிய விடிய வேலை செய்யும். நம்மில் பலர் காலையில் காபிக்கு முன் பல் விளக்குவதோடு சரி. ஒரு தடவைதான் முடியும் என்றால் இரவை வைத்துக்கொள்ளுங்கள் என்றுகூட நான் சொல்வேன். டாக்டர் திட்டுவார், இரண்டு தடவையும் வேண்டும் என்பார். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். கை நிறையத் தண்ணீர் அள்ளி நாலு தடவை கொப்பளித்தால் சொத்தை வராமல் காக்கும், பேஸ்ட்டிலுள்ள ஃபுளோரைடு அதோடு போய்விடும்.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று சொல்லி பேஸ்ட்டே வேண்டாம் என்கிறவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. குச்சியை நன்றாக மென்று நாராக்கி, எல்லாப் பல்லையும் பொறுமையாகத் தேய்த்தால் அழுக்குப் போகும்தான். ஆனால் பின்பல்லின் உட்பக்கம் குச்சி எட்டுவது கஷ்டம், அதில் ஃபுளோரைடும் இல்லை. இன்னொரு விஷயம், பழமொழியில் வரும் வேல் நம் கருவேல மரம். ரோட்டோரம் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதை ஒடித்துக்கொண்டு யாரும் பழமொழி சொல்ல வேண்டாம்.

தேய்த்தால் ரத்தம் வருகிறது

ரத்தம் வந்ததும் எல்லோரும் செய்வது, அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைத் தேய்ப்பது. சரியாகத் தலைகீழான வேலை. ஈறு ஓரத்தில் படிந்த கிருமிப் படலத்தால்தான் ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது. விட்டால் படலம் கூடும், ரத்தமும் கூடும்.

மென்மையான பிரஷ்ஷை எடுங்கள். முடிகள் பாதி பல்லிலும் பாதி ஈறு ஓரத்திலும் படும்படி 45 பாகை சாய்த்து வைத்து, அதே இடத்தில் குட்டிக் குட்டியாக அசைத்து, பிறகு பல் நுனியை நோக்கி வழித்துவிடுங்கள். இரண்டு இரண்டு பல்லாக நகர வேண்டும். மொத்தம் இரண்டு நிமிடம். கடிகாரம் பார்த்துத் தேய்த்தால் அது எவ்வளவு நீளம் என்று தெரியும். பல் இடுக்கில் பிரஷ் போகாது, அதற்கு ஃபிளாஸ் நூல் அல்லது இடுக்குப் பிரஷ் வேண்டும். ஊக்கு, குண்டூசி, தீக்குச்சி எதுவும் வேண்டாம்.

இப்படி இரண்டு வாரம் செய்யுங்கள். முதல் சில நாள் ரத்தம் வரத்தான் செய்யும். ஈறு நோய் ஆரம்பக் கட்டம் என்றால் அதற்குள் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் படலம் இறுகிக் காரையாகிவிட்டது, அதை எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது, கிளீனிங்தான் செய்ய வேண்டும்.

கிளீனிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி வரும் என்ற பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. ஈறும் எலும்பும் இறங்கிய இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும், முன்பே இருந்த இடைவெளியும் ஆட்டமும் வெளியே தெரியும். சில நாள் கூச்சமும் இருக்கும். திருடன் போன பிறகு விளக்கைப் போட்டவனைத் திருடன் என்பது போலத்தான் இது.

கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்கி ரத்தம் வரலாம். கர்ப்பத்தில் பல் வைத்தியமே கூடாது என்பது சரியல்ல, நடு மூன்று மாதங்கள் வசதியான காலம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கசிவு கூடும். உடம்பில் வேறெங்காவது காரணமில்லாமல் நீலத் திட்டுகள் தெரிந்தால் பல் டாக்டருக்கு முன் பொது மருத்துவரைப் பாருங்கள்.

பெரியவர்களுக்குப் பல் ஆடுகிறது

வயசானால் ஆடத்தான் செய்யும் என்று விட வேண்டாம். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு ஈறு நோயால் கரைகிறது. எங்கள் டாக்டர் இப்படி வருகிறவர்களைச் சர்க்கரை பார்த்துவிட்டு வரச் சொல்வார். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டிருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வருவதும் கஷ்டம். தனக்குச் சர்க்கரை இருப்பதே பல் கிளினிக்கில் வந்து தெரிந்தவர்கள் எங்கள் நோட்டில் உண்டு.

வாய் நாற்றம்

மணிக்கட்டை நக்கி, பத்து நொடி காயவிட்டு முகர்ந்து பாருங்கள். நாற்றம் அடித்தால் முதல் சந்தேகம் நாக்கின் பின்பகுதி. நாக்கை வழித்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள், ரத்தம் வரும்படி சுரண்டக் கூடாது. அடுத்து ஈறு, சொத்தை, சரியாகப் பொருந்தாத கேப். வாய் எப்போதும் வறண்டிருந்தால் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பல் செட் கட்டியவர்கள் ராத்திரி அதைக் கழற்றி, கழுவித் தண்ணீரில் போட வேண்டும். வாயில் எதுவுமே இல்லை என்றால் மூக்கு, தொண்டைப் பக்கம் பார்க்க வேண்டும். ஏலக்காய் மறைக்கும், அவ்வளவுதான். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் இழுக்காதீர்கள், பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

கறை, திட்டு

டீ, வெற்றிலைக் கறை கிளீனிங்கில் போகும். ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமானால், பழைய அடியில் நரம்பு செத்திருக்கலாம். சிறு வயதிலிருந்தே எல்லாப் பல்லிலும் வெள்ளைக் கோடு, பழுப்புத் திட்டு இருந்தால் எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தார்கள் என்று கேட்போம். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் என்றால் பாதி விடை வந்துவிடும். அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தரநிலை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் இந்தத் தொல்லைக்காகத்தான். இந்தத் திட்டு தேய்த்துப் போகாது, எலுமிச்சையும் சோடா உப்பும் வைத்துத் தேய்த்தால் எனாமல்தான் போகும். இதற்காக எல்லோரும் ஃபுளோரைடு பேஸ்ட்டைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. இந்தியாவில் பேஸ்ட்டில் 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) வரைதான் அனுமதி, அதையும் டியூபில் அச்சிட வேண்டும். மூன்று வயது வரை அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவது பேஸ்ட் சீக்கிரம் தீர்வதற்கு.

ஆறாத புண், திறக்காத வாய்

சாதாரண வாய்ப்புண் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். ஆறவில்லை, வலிக்கவும் இல்லை என்றால் அன்றைக்கே காட்டுங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளை, சிவப்புத் திட்டும் அப்படித்தான். உங்கள் மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிமிர்த்தி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நுழையவில்லை, காரம் பட்டால் எரிகிறது, பாக்குப் பழக்கமும் இருக்கிறது என்றால் கன்னத்தின் உட்சதை நாராக இறுகிக்கொண்டிருக்கலாம். "புகையிலை தொடமாட்டேன், சும்மா பாக்கு மட்டும்தான்" என்பார்கள். பாக்கு மட்டுமே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது.

குழந்தைக்குப் பின்பல்லில் கறுப்பு

"விழப்போற பல்தானே" என்று சொல்வதற்கு முன் வயதைப் பாருங்கள். ஆறு வயது வாக்கில், பால்பல் எதுவும் விழாமலேயே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிலைப்பல். அதற்குப் பிறகு அந்த இடத்தில் வேறு பல் வராது. பெற்றோர் அதைப் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுவதால், பத்து வயதில் ரூட் கேனலுக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். புதிதாக முளைத்த அந்தப் பல்லின் குழிகளைப் பூசி மூடிவிடும் சீலன்ட் உண்டு, கேட்டுப் பாருங்கள். பாட்டில் பாலோடு தூங்க வைக்காதீர்கள். இனிப்பு இருமல் மருந்து கொடுத்தால் வாயைக் கழுவிவிடுங்கள். ஏழு, எட்டு வயது வரை இரவில் நீங்களே தேய்த்துவிடுங்கள், ஷூ லேஸை ஒழுங்காகக் கட்டத் தெரியாத கைக்குப் பின்பல் எட்டாது.

ஒரு தொந்தரவும் இல்லை

இப்படிச் சொல்லி வருகிறவர்களுக்குத்தான் நான் சந்தோஷமாக நேரம் கொடுப்பேன். இரண்டு பல்லுக்கு நடுவே தொடங்கும் சொத்தை கண்ணாடியில் தெரியாது, எக்ஸ்ரேயில் தெரியும். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காமலேயே எலும்பைத் தின்னும். பொதுவாக ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்துக்கு ஒரு முறை. சர்க்கரை, புகையிலை, அடிக்கடி சொத்தை இருப்பவர்கள் சீக்கிரமாக. தனியார் செலவு கட்டாது என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னையிலும் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இருக்கின்றன, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

வரும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் கொண்டுவாருங்கள். "பிரஷர் மாத்திரை, வெள்ளையா, சின்னதா இருக்கும்" என்றால் எங்களுக்குப் புரியாது. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைப் பல் எடுக்க வேண்டும் என்று நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள், கொடுத்த டாக்டரைக் கேட்டுச் சொல்கிறோம். மருந்து ஒவ்வாமை இருந்தால் சீட்டு போடும்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம், டாக்டர் வேறுமாதிரி சொல்லாதவரை சாப்பிட்டுவிட்டே வாருங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் எதையும் மெல்ல முடியாது, கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள்.